நாகலாபுரத்திலிருந்து வேலூர்வரை: மூளை, தண்டுவட உறைக் கட்டிகளின் மருத்துவ வரலாறு

மூளையையும் அதன் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியுள்ளன. எலும்பை ஒட்டிய தடித்த வெளியுறை, மூளையின் மேற்பரப்பில் படிந்து கிடக்கும் மெல்லிய உள்ளுறை, இவ்விரண்டுக்கும் நடுவே சிலந்தி வலைபோல் நூலோடிய இடையுறை ஆகிய இம்மூன்றில், இடையுறையின் உயிரணுக்களிலிருந்து எழும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று. மூளையை வெளியிலிருந்து அழுத்தியபடி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. ஒருவருக்கு ஒரு கட்டி என்பதே பொதுவான நிலை என்றாலும், சிலருக்கு மண்டையோட்டுக்குள் இரண்டு, மூன்று, சில வேளைகளில் பத்துக்கும் மேற்பட்ட கட்டிகள் தோன்றுகின்றன; வேறு சிலருக்குத் தண்டுவடத்தின் உறையிலும் அவை முளைத்து, கால்களை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்கின்றன. ஒன்றை அகற்றியதோடு முடிந்துவிடாத இந்த நோய், தென்னிந்தியாவில் எவ்வாறு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியது, எந்த ஊர்களில் அதற்கு மருத்துவம் கிடைத்தது என்பதை அறிய, ஆந்திர, தமிழக எல்லையிலுள்ள நாகலாபுரம் போன்றதோர் ஊரிலிருந்து நோக்குவது பெரிதும் உதவும். ஏனெனில் இந்நோயின் வரலாற்றில் அறுவைக் கத்தியைவிட, கட்டிகளை எண்ணிப் பார்க்கும் கருவிகளும், நோயாளி மீண்டும் மீண்டும் வந்து செல்லக்கூடிய தொலைவில் ஒரு மருத்துவமனை இருப்பதுமே பெரிய மாற்றங்களைச் செய்துள்ளன.

நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாகப் பெயரிட்டதாகச் சொல்லப்படும் ஊர். மீன் அவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயண சுவாமி கோயிலால் அறியப்படுவது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இப்பகுதியின் ஆட்சி எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூரில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு மாறியது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபின், 1960ஆம் ஆண்டின் எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்தோடும் சத்தியவேடு ஆந்திரத்தோடும் சேர்ந்தன. 2022இல் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது நாகலாபுரம் அதற்குள் வந்தது. கோடுகள் இப்படி மாறினாலும் நோயுற்றவர்கள் செல்லும் வழிகள் அவ்வளவாக மாறவில்லை. ஊத்துக்கோட்டை வழியாகப் பேருந்தில் சென்னைக்கும், புத்தூரில் ரயிலேறி அரக்கோணம், காட்பாடி மார்க்கமாக வேலூருக்கும் செல்வதே பல தலைமுறைகளின் வழக்கம். சென்னையும் திருப்பதியும் எண்பது கிலோமீட்டருக்குள் அமைய, வேலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது.

இந்த வழியில் முதலில் எதிர்ப்படும் புத்தூருக்கே தனியொரு மருத்துவப் புகழ் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எலும்பு முறிவுக்கு மூலிகைப் பற்றும் முட்டை வெண்கருவும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டப்படும் புத்தூர்க் கட்டு, தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பெயர். முறிந்த எலும்பு அசையாமல் நின்றால் தானே கூடும் என்ற அனுபவ அறிவின்மேல் நிற்கும் அந்த வைத்தியத்துக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் முதுகில் தொடங்கிய வலி விலாவைச் சுற்றிப் பரவி, பிறகு கால்கள் மரத்து, நடை தடுமாறி, இறுதியில் சிறுநீர் கட்டுப்பாடும் போய்விடும் நோய்க்கு வெளியிலிருந்து கட்டும் எந்தக் கட்டும் பயன்படாது. தண்டுவட உறையில் எழும் கட்டி பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு, மார்புப் பகுதி முதுகெலும்பில் வருவது. வாத நோயாகவும் மூட்டு வலியாகவும் பிரசவத்துக்குப் பிந்திய பலவீனமாகவும் எளிதில் எண்ணப்பட்டுவிடக் கூடியது. மூளையிலுள்ள கட்டியோ வலிப்பாகவோ, காலையில் கடுமையாகும் தலைவலியாகவோ, மெல்ல மங்கும் பார்வையாகவோ வெளிப்படும். கால் பலவீனமும் மங்கிய பார்வையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று சொல்ல, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை இப்பகுதியில் எவரும் இருந்திருக்க இயலாது.

உலகின் பெரிய மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் அதே நிலைதான். 1822இல் எடின்பரோ அறுவை மருத்துவர் ஜான் விஷார்ட், செவித்திறனை இழந்து இறந்த 21 வயது இளைஞர் ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தபோது உறையிலும் மூளையிலும் செவி நரம்புகளிலும் பல கட்டிகளைக் கண்டு பதிவு செய்தார். ஒன்றுக்கு மேற்பட்ட மெனிஞ்சியோமா உள்ள நோயாளி பற்றிய முதல் தனிப் பதிவு 1889இல் அன்ஃபிமோவ், புளூமெனாவ் என்ற இரு ரஷ்ய மருத்துவர்களுடையது. பல கட்டிகள் இருந்தன என்பது பெரும்பாலும் இறந்த பிறகே தெரியவந்தது. உயிரோடிருக்கும்போது மருத்துவருக்குக் கிடைத்தவை அறிகுறிகள் மட்டுமே. எந்தத் தசை தளர்ந்தது, எந்த இடத்தில் உணர்ச்சி நின்றது என்று படிப்படியாகச் சோதித்து, சேதம் இன்ன இடத்தில்தான் என்று கணிக்கும் அக்கலையின் அடிப்படை விதி, எல்லா அறிகுறிகளையும் ஒரே இடத்துச் சேதத்தால் விளக்க முயல வேண்டும் என்பது. ஒற்றைக் கட்டிக்கு மிகவும் பொருந்திய இவ்விதி, பல கட்டிகள் உள்ளவரிடம் மருத்துவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் சென்றது. மூளையின் உச்சியில், இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே எழும் கட்டி இரண்டு கால்களையும் தளர்த்தும். மார்பு மட்டத்துத் தண்டுவடக் கட்டியும் அதையே செய்யும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் எதைத் திறப்பது என்பதை அறிகுறிகளைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய வழியில்லை.

ஒற்றைக் கட்டியிலேயே இடம் காண்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 1887இல் லண்டனில் நடந்த அறுவை சான்று. வில்லியம் கவர்ஸ் நோயைக் கணிக்க, விக்டர் ஹார்ஸ்லி ஒருவரின் முதுகெலும்பைத் திறந்தபோது எதிர்பார்த்த மட்டத்தில் கட்டி இல்லை. மேல்நோக்கி மேலும் எலும்பை நீக்கிச் சென்றபின்பே அது தென்பட்டது. கட்டி அகற்றப்பட்டு, நடக்கவியலாதிருந்த அந்த நோயாளி மீண்டும் நடந்தார். தண்டுவடக் கட்டியை வெற்றியுடன் அகற்றிய முதல் அறுவையாக இது போற்றப்படுகிறது. ஆயினும் கணித்த இடத்துக்கு மேலும் சில அங்குலம் தேடிப் பார்க்கும் துணிவு ஹார்ஸ்லிக்கு இல்லாதிருந்தால் அது தோல்வியாகவே முடிந்திருக்கும்.

இக்கட்டிகளுக்கு மெனிஞ்சியோமா என்ற பெயரைச் சூட்டியவர் அமெரிக்கரான ஹார்வி குஷிங், ஆண்டு 1922. இவற்றுக்கு இரத்தம் பெரும்பாலும் உறையின் தமனிகளிலிருந்து பெருகி வருவதால், கட்டியை எட்டும் முன்பே நோயாளி இரத்தமிழந்து இறப்பது முற்கால அறுவையின் பெருந்தடையாக இருந்தது. 1911இல் குஷிங் அறிமுகப்படுத்திய வெள்ளிக் கவ்விகளும், 1926இல் வில்லியம் போவியுடன் சேர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய, மின்சாரத்தால் இரத்தக் குழாயைத் தீய்த்து அடைக்கும் கருவியும் அத்தடையை நீக்கின. லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற நோய்க்குறியியல் அறிஞருடன் சேர்ந்து 1938இல் அவர் வெளியிட்ட, 313 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்த பெருநூல், செவி நரம்பு போன்ற நரம்புகளிலும் கட்டிகள் எழும் நரம்பு உறைக் கட்டி நோயின் பிற அடையாளங்கள் இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட மெனிஞ்சியோமா மட்டும் உள்ள நிலையைத் தனியாகப் பிரித்து வரையறுத்தது. அந்நூலின் உண்மையான பலம் அறுவை நுட்பத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிப் பின்தொடர்ந்து, என்ன ஆனார் என்று குறித்து வைத்த அசராத உழைப்பில் இருக்கிறது.

இந்த அறிவு நாகலாபுரத்தின் எட்டும் தூரத்துக்கு வந்தது 1949இல். கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, தொழுநோய் அறிஞர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையை அங்கு நிறுவினார். மறு ஆண்டு, சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்ற பா. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவையைத் தொடங்கினார். இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை உருவாக்கினர். பம்பாய், கல்கத்தா போன்ற பெருநகரங்களை விட்டு வேலூர் என்ற நடுத்தர ஊரில் இத்துறை முதலில் வேர்விட்டது தற்செயல் போலத் தோன்றினாலும், அதன் விளைவு பெரிது: சித்தூர், வட ஆர்க்காடு வட்டாரங்களின் உழவர்களுக்கும் நெசவாளர்களுக்கும், நாட்டின் பல செல்வந்தர்களுக்கும் கிட்டாத மருத்துவம் ஒரு நாள் பயணத்தில் கிடைத்தது. சென்னையில் ராமமூர்த்தியின் பிரிவு அடுத்த தலைமுறையையும் வளர்த்தது. அங்கு பயின்று 1968இல் நரம்பு அறுவையில் பட்டம் பெற்ற டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவராக விளங்கினார்.

அக்காலத்தில் தண்டுவடக் கட்டியைக் காண்பதற்கு இருந்த வழி மயலோகிராம் எனப்படும் எக்ஸ்ரே பரிசோதனை. இடுப்பின் கீழ்ப்பகுதியில் நீண்ட ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில், எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் கனமான எண்ணெய் மருந்தை இறக்குவார்கள்; பிறகு நோயாளியை மேசையோடு சேர்த்துக் கட்டி, தலைப்பக்கம் தாழும்படி மேசையை மெல்லச் சாய்ப்பார்கள். எண்ணெய் தன் கனத்தால் முதுகின் நெடுகிலும் வழிந்து செல்ல, கட்டி உள்ள இடத்தில் அது தடைப்பட்டு, கிண்ணத்தின் விளிம்புபோல வளைந்த எல்லையோடு நின்றுவிடும். மருத்துவர் தேடியது அந்த வளைந்த கோட்டைத்தான். ஆனால் தடை முழுமையாக இருந்தால் எண்ணெய் அதைத் தாண்டாது. அதற்கு மேலே இரண்டாவது கட்டி ஒன்று இருந்தாலும் முதல் கட்டியே அதை மறைத்துவிடும். மேல்எல்லையைக் காண, பிடரியின் அடியில் மறுபடியும் ஊசி குத்தி மேலிருந்து மருந்தை இறக்க வேண்டும். அப்படிச் செய்யாதவரை, கீழ்க் கட்டியை அகற்றியபின்னும் கால் திரும்பாத நோயாளிக்கு என்ன காரணம் என்று விளங்காது. மூளைக்கும் இதே நிலைதான். மண்டையோட்டில் துளையிட்டு உள்ளறைகளில் காற்றை நிரப்பி எடுத்த படத்திலும், கழுத்துத் தமனியில் நேரடியாக ஊசி குத்தி மருந்தைச் செலுத்தி எடுத்த இரத்தக் குழாய்ப் படத்திலும் தெரிந்தது கட்டியின் நேர் உருவம் அன்று. அதனால் அறைகளும் குழாய்களும் தள்ளப்பட்டிருந்த அளவு மட்டுமே. பெரிய கட்டி தள்ளிய தள்ளலில், எதிர்ப்பக்கத்துச் சிறிய கட்டி முற்றிலும் மறைந்துபோகும்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருந்தது. மேலைநாட்டு நூல்களில் மூளைக்குள் காணும் திண்மம் என்றால் பெரும்பாலும் கட்டி. சென்னையிலும் வேலூரிலுமோ அது காசநோயின் முடிச்சாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட திண்மங்கள் இருந்தால் காசநோயையே முதலில் எண்ணுவது இங்குள்ள மருத்துவரின் நியாயமான பழக்கமாயிற்று. பின்னாளில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்புற்றவர்களின் மூளையில் சிறு புள்ளிகள் தெரியத் தொடங்கின. அவற்றையும் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவந்த வழக்கத்தை, பல நேரங்களில் அவை பன்றி நாடாப்புழுவின் குடம்பிகள் என்று வேலூரின் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் 1991இல் நிறுவிக் காட்டி மாற்றினர். உறைக் கட்டிகளைப் பொறுத்தவரை இதன் பாடம் மிகத் தெளிவானது: பல திண்மங்கள் தெரிந்தவுடன் மருந்தைத் தொடங்கிவிடாமல், அவை உறையோடு ஒட்டியுள்ளனவா, மூளையின் உள்ளே புதைந்துள்ளனவா, செவி நரம்பின்மேல் அமர்ந்துள்ளனவா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும், ஐயம் தீராவிடில் திசுவை எடுத்து நுண்நோக்கியில் சோதிக்க வேண்டும்.

பல கட்டிகளும் ஒரே பார்வையில் தெரியத் தொடங்கியது காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனால்; 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. அதற்கு முன் மெனிஞ்சியோமா நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவரிடமே பல கட்டிகள் காணப்பட்டதாக எழுதியிருந்த நூல்கள், அதற்குப்பின் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை என்று எழுதலாயின. நோய் பெருகவில்லை, எண்ணும் கண் கூர்மையடைந்தது. எலும்பின் நிழல் மறைக்காமல் தண்டுவடத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியும், 1980களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்து, உறைக் கட்டிகளைப் பளிச்சென்று ஒளிரச் செய்யும் கடோலினியம் என்ற ஊசி மருந்தும் சேர்ந்தபின், முதுகில் குத்தும் ஊசிகளோ சாய்மேசையோ இல்லாமல் தலை முதல் இடுப்புவரை ஒரே அமர்வில் பார்க்க முடிந்தது. மூளையில் பல கட்டிகள் தெரிந்தால் முதுகையும், முதுகில் தெரிந்தால் மூளையையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற இன்றைய நடைமுறை இதன்பின்பே நிலைபெற்றது.

கட்டிகள் ஏன் பலவாகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்க 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் ஜெர்மானிய ஆய்வாளர் சாங், மெனிஞ்சியோமா உயிரணுக்களில் 22ஆம் குரோமோசோம் ஒன்று குறைவதைக் கவனித்தார். 1993இல் அந்தக் குரோமோசோமிலுள்ள என்.எஃப்.2 என்ற மரபணு கண்டறியப்பட்டது. உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் புரதத்தை உருவாக்கும் இம்மரபணு பிறவியிலேயே பழுதுபட்டவருக்கு, இரு செவி நரம்புகளிலும் கட்டிகளும், மூளை, தண்டுவட உறைகளில் பல மெனிஞ்சியோமாக்களும் தோன்றும்; நரம்பு உறைக் கட்டி நோயின் இந்த வகையே என்.எஃப்.2 நோய். வேறு வகையினருக்கு மரபுப் பழுது இல்லாமலே, ஒரு கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் உறையின்வழிப் பரவி மற்றவற்றைத் தோற்றுவிக்கின்றன என்பதை, ஒருவரின் பல கட்டிகளிலும் ஒரே மரபணுப் பழுது இருந்ததைக் கொண்டு அறிந்தனர். சிறு வயதில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து இக்கட்டிகள் வரும் என்பது 1974இல் இஸ்ரேலில் மோடான் வெளியிட்ட ஆய்வால் உறுதியாயிற்று. சில ஹார்மோன் மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதும் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது.

மரபணு என்றவுடன் இவ்வட்டாரத்தில் எழும் முதல் ஐயம், தாய்மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்ததால்தான் இது வந்ததா என்பது. அப்பழியைச் சுமக்கும் பெற்றோருக்குச் சொல்லப்பட வேண்டிய உண்மை, அவ்வாறு இல்லை என்பதே. சொந்தத்தில் மணம் செய்வதால் கூடுபவை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால் மட்டும் தோன்றும் நோய்கள்; என்.எஃப்.2 நோய்க்கோ ஒருவரிடமிருந்து வரும் ஒரே பிரதி போதும். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் பெற்றோர் எவரிடமும் இல்லாத பழுது புதிதாகத் தோன்றியிருக்கிறது. நோயுற்றவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதால், பிள்ளைகளின் செவித்திறனையும் பார்வையையும் இளமையிலேயே சோதிப்பதுதான் குடும்பத்துக்கு உண்மையில் பயன்படுவது.

மருத்துவத்தின் போக்கும் இதற்கேற்ப மாறியது. கண்ட கட்டியை எல்லாம் அகற்றுவது என்ற முற்கால ஆர்வம், பல கட்டிகள் உள்ளவரிடம் தீமையாக முடிந்தது. ஒவ்வொரு அறுவையும் ஏதேனுமொரு நரம்பைப் பலிவாங்கக்கூடும் என்பதால், இப்போது எந்தக் கட்டி அறிகுறியைத் தருகிறதோ, எது வளர்வதாகப் படத்தில் உறுதியாகிறதோ அதையே தேர்ந்து அறுவை செய்கிறார்கள். தண்டுவடத்தை அழுத்தும் கட்டியில் தாமதம் கூடாது. கால் முழுதும் செயலிழக்குமுன் அகற்றினால் நடை திரும்பும் வாய்ப்பு நன்று. எட்ட முடியாத அடிப்பகுதிக் கட்டிகளுக்குக் கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரு புள்ளியில் குவிக்கும் கதிர் அறுவை பயன்படுகிறது. 1968இல் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் தொடங்கிய காமா நைஃப் முறை இதன் முன்னோடி. செவி நரம்புகள் இரண்டையும் இழந்தவர்களுக்கு மூளைத் தண்டிலேயே பொருத்தும் செவிக்கருவி 1979இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாக வைக்கப்பட்டு, பின்னர் சென்னையிலும் பொருத்தப்பட்டது. சிறிய, சுண்ணமேறிய, தொந்தரவு தராத கட்டிகளை ஆண்டுக்கொருமுறை படமெடுத்துப் பார்த்து விட்டுவைப்பதும் மருத்துவமே. அறுவை வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று எண்ணிச் சோதனைக்கு வருவதையே நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு இது பொறுமையாக விளக்கப்பட வேண்டியது.

நாகலாபுரத்தைப் பொறுத்தவரை, கடந்த முப்பது ஆண்டுகளில் தொலைவு கணிசமாகச் சுருங்கியுள்ளது. திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1990களில் செயல்படத் தொடங்கி நரம்பு அறுவையும் செய்துவருகிறது. 2007இல் ஆந்திரத்தில் வந்த ஆரோக்கியஸ்ரீ திட்டம் நரம்பு அறுவையின் செலவை ஏழைக் குடும்பங்களின் தோளிலிருந்து இறக்கியது. 2022இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இராணிப்பேட்டை அருகே திறந்த புதிய வளாகம் அதன் நரம்பியல் பிரிவை எல்லைக்குச் சற்று அருகில் கொண்டுவந்தது. எஞ்சியிருப்பது படங்களும் ஏடுகளும் சார்ந்த சிக்கல். இக்கட்டிகள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவே வளர்வதால், ஒரு படத்தைத் தனியே வைத்துப் பார்த்து வளர்ச்சியைச் சொல்ல எவராலும் இயலாது. மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய படம் அருகில் இருந்தாக வேண்டும். வேலூரில் ஒருமுறை, சென்னையில் ஒருமுறை, திருப்பதியில் ஒருமுறை என்று படமெடுத்துக்கொள்ளும் எல்லைப்பகுதி நோயாளியின் பழைய படங்கள் இரண்டு மாநிலங்களின் வெவ்வேறு ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன. தமிழகத்தின் காப்பீட்டு அட்டைக்கும் ஆந்திரத்தின் அட்டைக்கும் வேறுவேறு விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் குறுந்தகடுகளையும் அறிக்கைகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வைத்து, அடுத்த சோதனைக்குக் கையோடு எடுத்துச் செல்வதை இன்றளவும் நோயாளியின் வீட்டாரே செய்துகொள்கிறார்கள். இரு மாநில மருத்துவமனைகளும் படங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அமைந்தால், முதலில் பயன்பெறுவோர் இந்த நோயாளிகளாகவே இருப்பார்கள்.